இரும்பின் களைப்பும் இரத்தத்தின் நெகிழ்வும்

கூத்தாநல்லூரில் வீட்டுக்கு வீடு ஒரு சிங்கப்பூர்க் கதை உண்டு. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையே, வெண்ணாற்றுப் பாசன வயல்கள் சூழ அமைந்த இவ்வூரைச் சுற்றுவட்டாரத்தார் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்றே குறிப்பிடுவர். பாட்டனார் சபர் போனார், தந்தையார் போனார், பிள்ளையும் போனான். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்து, அங்கே கடை வைத்தோரும் கடையில் நின்றோரும் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடி வீடுகள் இன்றும் இவ்வூர்த் தெருக்களில் நிற்கின்றன. சிராங்கூன் சாலையின் திருப்பங்களைத் தம் ஊர்க் கடைத்தெருவைப் போலவே விவரிக்கவல்ல முதியோரை நாம் இங்கே கண்டிருக்கிறோம்.

இத்துணை நெருக்கமாகச் சிங்கப்பூரை அறிந்த ஊரில், 2018 சனவரியில் அந்நாட்டில் நிகழ்ந்த ஒன்று அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. அம்மாதம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நான்காவது தலைவராகப் பொறுப்பேற்றவர், தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற பேராசிரியர் சுப்ரா சுரேஷ் ஆவார். கடல் கடந்து சென்றவர்களின் வரலாற்றை ஆர்வத்தோடு போற்றும் நாம், வணிகத்துக்காகவன்றிக் கல்விக்காகச் சென்ற ஒருவரின் வரலாற்றையும் அறிந்து வைப்பது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதலானோம். அன்னார் வகித்த பதவிகள் பல. ஆயினும் அப்பதவிகள் எல்லாவற்றுக்கும் முன்னே தொடங்கி, அவற்றினூடே தொடர்ந்த ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. அக்கேள்வியின் வரலாறே நம் பொருள்.

ஆலையில் முறிந்த தண்டு

அக்கேள்வியை விளங்கிக்கொள்ள, நம் பகுதி நெல் ஆலை ஒன்றில் நாம் கண்ட காட்சியைச் சொல்வது உதவும். அறுவடைக் காலம். ஆலை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முற்பகலில், வழக்கத்துக்கு மேலான பளு எதுவும் ஏற்றப்படாத வேளையில், எந்திரத்தின் சுழல் தண்டு திடீரென முறிந்தது. எள்ளளவும் வளையாமல், நெளியாமல், கரும்பு ஒடிவதுபோல் ஒடிந்து கிடந்தது. ஆலைக்காரர் தம் தலைவிதியை நொந்துகொண்டார். எந்திரம் பழுது பார்க்க வந்த முதியவரோ முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக இருந்தது. அதில் சிப்பியின் மேலோட்டில் காண்பது போன்ற வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்திருந்தன. எஞ்சிய சிறுபகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தது.

“இது இன்னிக்கு ஒடியலை பாய். ரொம்ப நாளாவே உள்ளுக்குள்ள வெடிச்சுக்கிட்டு வந்திருக்கு. இன்னிக்குத்தான் தாங்காம விட்டுருச்சு” என்றார் அவர்.

எழுதப் படிக்க அதிகம் அறியாத அப்பெரியவர் சொன்னது முற்றிலும் சரியான அறிவியல். வளைகோடுகள் ஒவ்வொன்றும் விரிசல் சற்றே முன்னேறி நின்ற இடத்தைக் காட்டும். சொரசொரப்பான பகுதி, எஞ்சிய இரும்பு இறுதியில் ஒரே நொடியில் கிழிந்த இடம்.

மயிலிறகு ஏற்றிய வண்டியாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டிய உவமை. பளு மிகுந்தால் பொருள் முறியும் என்பதை உலகம் பண்டே அறிந்திருந்தது. ஆனால் அளவுக்கு உட்பட்ட பளுவே ஆனாலும், அதனை இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் அச்சு முறியக்கூடும் என்பதை உணர, இருப்புப் பாதையின் காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனையே ‘உலோகக் களைப்பு’ என்பர். திண்பொருள்கள் பளுவை எவ்வாறு தாங்குகின்றன, எவ்வாறு உருத்திரிகின்றன, எவ்வாறு முறிகின்றன என ஆராயும் துறை திண்பொருள் விசையியல். பாலமும் அணையும் கப்பலும் விமானமும் இத்துறையின் கணக்குகளைப் பற்றியே நிற்கின்றன. ஹஜ்ஜுப் பயணம் சென்றவர்கள் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் வானளாவிய கூடாரக் கூரைகளின் கீழ் இளைப்பாறியிருப்பர். தாக்காவில் பிறந்த பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான் தம் கட்டமைப்புத் திறனைத் தந்த அக்கூரையும் இத்துறையின் கொடைதான்.

களைப்பை அளந்தோர்

1842 மே மாதம் 8ஆம் நாள், பாரிசுக்கு அருகே வெர்சேல்ஸ் நகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த புகைவண்டியின் எஞ்சின் அச்சு ஒன்று முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிந்தது என்னும் வினா ஐரோப்பியப் பொறியாளர்களை உறங்கவிடவில்லை. செருமானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் இரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, எத்துணைத் தகைவுக்கு எத்தனைச் சுழற்சியில் முறிவு நேரும் என முறையாக அளந்தார்.

முறிவின் தொடக்கம் சிறு விரிசலில் உள்ளது என்பதற்குக் கணக்கு வடிவம் தந்தவர் ஆங்கிலேயரான கிரிபித். கண்ணாடி இழைகளைக் கொண்டு அவர் செய்த ஆய்வு 1921இல் வெளிவந்தது. ஆயினும் அதன் அருமையை உலகம் உடனே உணரவில்லை. இரண்டாம் உலகப் போரில், பற்றவைத்துக் கட்டிய அமெரிக்கக் கப்பல்கள் சில இரண்டாகப் பிளந்தன. 1943 சனவரியில் ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல், புயலோ அலையோ இல்லாத துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோதே பிளந்தது. 1954இல் ‘காமெட்’ ஜெட் விமானங்கள் இரண்டு மூன்று மாத இடைவெளியில் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. ஆய்வாளர்கள் அவ்வகை விமானத்தின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் இட்டு, பறக்கும்போது ஏறி இறங்கும் காற்றழுத்தத்தை நீரழுத்தத்தால் மீண்டும் மீண்டும் உண்டாக்கிப் பார்த்தபோது, மூலை ஒன்றில் தொடங்கிய விரிசல் உடலைக் கிழித்தது. விமானமும் களைத்துப்போகும் என்பது அன்று வெளிப்படையாயிற்று.

இதன்பின் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இர்வின் முறிவு விசையியலுக்கு அடித்தளம் இட்டார். ஒவ்வொரு சுழற்சியிலும் விரிசல் எவ்வளவு நீளும் எனக் கணிக்கும் விதியை 1963இல் பால் பாரிஸ் என்பாரும், துருக்கியில் பிறந்த பேராசிரியர் பாசில் எர்டோகனும் விரிவாக எடுத்துரைத்தனர். விரிசல் உள்ள பொருளும் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் எனக் கணக்கிட வழி பிறந்தது. சுப்ரா சுரேஷ் மாணவராக நுழைந்தபோது இத்துறை இருந்த நிலை இது.

கிண்டியிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

அவர் 1956இல் பம்பாயில் பிறந்தார். தமிழ்நாட்டில் பயின்று பதினைந்தாம் வயதிலேயே பள்ளிப்படிப்பை முடித்தார். பின்னர் சேர்ந்தது கிண்டிக் காட்டையொட்டிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மேற்கு செருமானியின் உதவியோடு எழுந்த இக்கழகத்தை 1959 சூலை 31ஆம் நாள் தொடங்கி வைத்தவர் அன்றைய மத்திய அமைச்சரும் கல்விமானுமான பேராசிரியர் ஹுமாயூன் கபீர் என்பதை ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும். அங்கே 1977இல் எந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு அமெரிக்கா சென்றார். பாதி நிரம்பிய ஒரு பெட்டி, நூறு டாலருக்கும் குறைவான கைப்பணம், கடன் பெற்று வாங்கிய ஒருவழி விமானச் சீட்டு – இவையே அவர் கொண்டு சென்றவை. ‘ரஜூலா’வின் மேல்தளத்தில் பாயும் பெட்டியுமாகச் சென்ற நம் மூதாதையரின் பயணத்தோடு இது ஒப்பிடத்தக்கது. அவர்களும் திரும்பி வரும் நாள் அறியாமலே சென்றனர்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1979இல் முதுகலைப் பட்டமும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1981இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னதற்கு அவர் எடுத்துக்கொண்டது இரண்டே ஆண்டுகள். பேராசிரியர் ராபர்ட் ரிச்சியின் வழிகாட்டலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், நாம் மேலே கண்ட ஆலைத் தண்டின் சிக்கலே: விரிசல் மிக மெதுவாக நகரும் நிலையில் அதனை விரைவுபடுத்துவது எது, தடுப்பது எது?

அவ்வாய்வில் வெளிப்பட்ட உண்மை ஒன்று வியப்புக்குரியது. உயர் அழுத்தக் கலங்களுக்குப் பயன்படும் ஒருவகை எஃகில், ஈரக் காற்றில் வளரும் விரிசலைக் காட்டிலும் உலர்ந்த ஹைட்ரஜன் வாயுவில் வளரும் விரிசல் வேகமாக முன்னேறியது. ஹைட்ரஜனே இரும்பைக் கெடுக்கிறது என எண்ணுவது எளிது. ஆனால் இரும்பைத் தீண்டாத ஹீலியத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. சுரேஷும் உடன் ஆய்ந்தோரும் கண்ட விளக்கம் இது: ஈரக் காற்றில் விரிசலின் உட்சுவர்களில் துரு படிகிறது. விரிசல் திறந்து மூடும்போது அத்துரு, கதவிடுக்கில் வைத்த ஆப்புப்போல, அதனை முழுதும் மூடவிடாமல் தடுக்கிறது. மூடாத விரிசலின் முனையில் ஏற்ற இறக்கம் குறைகிறது. ஆகவே வளர்ச்சியும் குறைகிறது. உலர்ந்த வாயுவில் துரு இல்லை, ஆப்பும் இல்லை. இரும்பின் பகை என நாம் அறிந்த துரு, அந்த நுண்ணிய இடுக்கில் இரும்புக்குக் காவலாக நிற்கிறது!

கடலோரத் தஞ்சையின் உப்புக் காற்றில் வாழும் நாம் துருவை நன்கறிவோம். இதனைப் படித்துவிட்டுத் துருவை வளர்க்க வேண்டியதில்லை. முறிவு நேரும் இடத்தை அணுகி உற்று நோக்கினால் அங்கே நாம் எதிர்பாராத நியாயங்கள் செயல்படுவதைக் காணலாம் என்பதே இதன் பாடம்.

பிரவுன் பல்கலைக்கழகத்தில்

பெர்க்கிலியில் ஈராண்டு ஆய்வு செய்தபின், 1983 டிசம்பரில் பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார். திண்பொருள் விசையியலில் பெயர்பெற்ற இடம் அது. அப்பெருமைக்கு வித்திட்டோரில் முதன்மையானவர் வில்லியம் பிராகர். இட்லரின் கொடுமையால் செருமானியை விட்டு வெளியேறிய அவருக்கு முதலில் இடமளித்தது துருக்கியின் இஸ்தான்புல் பல்கலைக்கழகம். அங்கே ஏழாண்டுகளுக்குக் குறையாமல் கற்பித்துவிட்டு 1941இல் பிரவுனுக்கு வந்து இத்துறையை வளர்த்தார். அறிவு ஒரு நாட்டில் விரட்டப்பட்டால் மற்றொரு நாட்டில் தங்கி, வேறொரு நாட்டில் கனி தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிரவுனில் சுரேஷ் செய்த ஆய்வுகளுள் ஒன்று பீங்கான் போன்ற உடையும் பொருள்களைப் பற்றியது. நமது மண்பானை தட்டினால் உடையும், அழுத்தினால் தாங்கும். அழுத்தம் விரிசலை மூடத்தானே செய்யும் என்பதே பொதுவான எண்ணம். அத்தகைய பொருள்களில் சிறு வெட்டு ஒன்று இருந்து, அழுத்தத்தை மட்டுமே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாலும், அவ்வெட்டிலிருந்து விரிசல் வளரக்கூடும் என்பதை 1980களின் இடைப்பகுதியில் சோதனையில் காட்டினார்.

1985இல் இளம் ஆய்வாளர்க்கான குடியரசுத் தலைவர் விருதைப் பெற்றார். 1989இல், தமது முப்பத்து மூன்றாம் வயதில், முழுப் பேராசிரியரானார். 1991இல் அவரது ‘பொருள்களின் களைப்பு’ என்னும் பெருநூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. 1998இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. உலோகம், பீங்கான், நெகிழி எனச் சிதறிக் கிடந்த களைப்பாய்வுகளை ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்த நூல் அது.

இரத்த அணுவும் ஒரு கட்டுமானமே

1993இல் தாம் முனைவர் பட்டம் பெற்ற மாசசூசெட்ஸ் கழகத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். 2000 முதல் 2006 வரை அங்கே பொருளறிவியல் துறையின் தலைவர். மின்னணுச் சில்லுகளில் படியும் மென்படலங்களைக் குறித்து, பிரவுனில் உடன் பணியாற்றிய பிராய்ண்ட் என்பாருடன் எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. இக்காலத்தில்தான் அவரது கேள்வி இரும்பை விட்டு மனித உடலுக்குள் புகுந்தது.

நம் இரத்தத்தின் சிவப்பணு ஒரு தட்டுப் போன்றது. அதன் குறுக்களவு சுமார் எட்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் நூற்றிருபது அணுக்களுக்கு மேல் வரிசையாக அடங்கும். அது புகுந்து செல்ல வேண்டிய நுண்குழாய்களில் சில அதன் குறுக்களவில் பாதிக்கும் குறைவானவை. மண்ணீரலில் உள்ள இடுக்குகளோ இன்னும் குறுகியவை. ஒவ்வொரு முறையும் அணு மடங்கி, நீண்டு, நுழைந்து, மறுபுறம் வெளிவந்ததும் தன் பழைய உருவை அடைய வேண்டும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, தன் ஆயுளான 120 நாளில் ஒன்றரை இலட்சம் சுற்றுக்கு மேல் அது இவ்வாறு செல்கிறது. திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பளு; திரும்பத் திரும்ப நேரும் உருத்திரிபு. ஆலைத் தண்டைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை இந்த அணுவைப் பற்றியும் கேட்கலாம் அன்றோ?

மலேரியாக் கிருமி இவ்வணுவுக்குள் புகுந்தால் நேர்வதைச் சுரேஷும் அவர்தம் குழுவினரும் அளந்தனர். இவ்வாய்வில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் சுவீ டெக் அவர்களும் பங்கு கொண்டார். நுண்ணிய மணிகள் இரண்டை அணுவின் இருபுறமும் ஒட்டவைத்து, ஒரு மணியை நிலைநிறுத்தி, மற்றதை லேசர் ஒளிக்கற்றையால் பற்றி இழுத்தனர். ‘ஒளி இடுக்கி’ எனப்படும் இக்கருவியால், எத்துணை விசைக்கு அணு எவ்வளவு நீள்கிறது என்பது தெரிந்தது. நோயற்ற அணு மெல்லிய இரப்பர் பைபோல் நீண்டது. கடுமையான மலேரியாவை உண்டாக்கும் பால்சிபாரம் கிருமி முதிர்ந்த அணுவோ, நோயற்றதைப்போல் சுமார் பத்து மடங்கு வரை விறைத்துப் போயிருந்தது. விறைத்த அணு நுண்குழாயில் நுழையாது; அண்டை அணுக்களோடும் குழாய்ச் சுவரோடும் ஒட்டிக்கொண்டு குருதியோட்டத்தை அடைக்கிறது. மூளையின் குழாய்கள் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. கிருமி வெளியிடும் குறிப்பிட்ட புரதம் ஒன்றுக்கு இவ்விறைப்பில் பங்கு உண்டு என்பதைக் குழுவினர் 2007இல் எடுத்துக்காட்டினர்.

தஞ்சைத் தரணிக்கு மலேரியா புதிதன்று. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரி நீர் பாய்ந்தபோது, வறண்ட நிலத்தில் நெல் விளைந்தது. நீரோடு மலேரியாவும் சேர்ந்து வந்தது. ராக்பெல்லர் அறநிறுவனத்தின் பால் ரசல் என்னும் மருத்துவ அறிஞர் அப்பகுதியில் தங்கி அந்நோயை ஆராய வேண்டியிருந்தது. குளிர் நடுக்கத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர்களைப் பற்றி நம் வீட்டு மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் உடலுக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் நெகிழ்வை இழந்து நின்றதைக் கணக்கிட்டுக் காட்டியவர், இரும்பின் முறிவைப் படித்த ஒரு பொறியியல் பேராசிரியர் என்பது எண்ணி மகிழத்தக்கது. மருத்துவர்க்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட வாசலில் பொறியாளர் நுழைந்தார். அவர் கையில் இருந்தது தகைவும் திரிபும் என்னும் பழைய அளவுகோலே.

வந்து சென்ற பதவிகள்

2007இல் அக்கழகத்தின் பொறியியற்புலத் தலைவரானார். அக்கழகத்தின் ஐந்து புலங்களுள் ஒன்றுக்கு ஆசியாவில் பிறந்த ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. 2010இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநராக ஒபாமா அவர்களால் நியமிக்கப்பட்டார். ஆண்டுக்குச் சுமார் 700 கோடி டாலரை ஆய்வுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு அது. ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்ததைத் தொழிலாக்க விரும்பும் அறிவியலாரைப் பயிற்றுவிக்கும் திட்டமொன்றை 2011இல் தொடங்கினார். 2013இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத் தலைவர். 2018 முதல் 2022 முடிய நன்யாங் பல்கலைக்கழகத் தலைவர்.

இவ்வரிசையைப் படிக்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். அறக்கட்டளை இயக்குநரின் பதவிக்காலம் ஆறாண்டு. அவர் இருந்தது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. கார்னகி மெல்லனில் இருந்தது நான்கே ஆண்டுகள். ஒரு நிறுவனத்தைச் சீர்செய்ய நீண்ட காலம் வேண்டும் என்போர் இதனைக் குறையாகக் கொள்வர். அக்கூற்றில் நியாயம் இல்லை என நாம் வாதிடப் போவதில்லை. நம் ஊர்க் கல்வி நிலையங்களிலும் தலைமை அடிக்கடி மாறினால் நேரும் தடுமாற்றத்தை நாம் அறிவோம்.

ஆனால் ஓர் ஆசிரியரின் வாழ்வைப் பதவிக்காலத்தால் மட்டும் அளந்தால் கணக்கு தவறும். பதவிகள் மாறியபோதும் கேள்வி மாறவில்லை. நன்யாங்கில் தலைவராய் இருந்த முதல் ஆண்டிலேயே, 2018இல், அவரும் ஹாங்காங், மாசசூசெட்ஸ் அறிஞர்களும் சேர்ந்து செய்த ஆய்வொன்று ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வைரம் வளையாது, உடையும் என்பது உலகறிந்த செய்தி. மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய வைர ஊசிகளை வளைத்துப் பார்த்தபோது, அவை நூற்றுக்கு ஒன்பது பங்கு வரை நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு மீண்டன. 1981இல் எஃகின் விரிசலில் கேட்டதும், பின்னர் இரத்த அணுவில் கேட்டதும், 2018இல் வைர ஊசியில் கேட்டதும் ஒன்றே: இது எவ்வளவு தாங்கும்? எப்போது மீளும்? எப்போது மீளாது?

பெருமைகளும் வந்தன. 2011இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ. 2012இல் விசையியல் துறையின் தலையாய விருதான திமொஷென்கோ பதக்கம். 2023இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம். பொறியியல், அறிவியல், மருத்துவம் ஆகிய மூன்றுக்குமான அமெரிக்கத் தேசியக் கழகங்கள் மூன்றும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தன. ஒருவர் மூன்றிலும் இடம்பெறுவது மிக அரிது. நன்யாங் பணி முடிந்தபின், தாம் இளம் ஆசிரியராய்த் தொடங்கிய பிரவுன் பல்கலைக்கழகத்தோடு மீண்டும் பேராசிரியராக இணைந்தார். தலைவர் பதவிகளுக்குப் பின்னும் ‘பேராசிரியர்’ என்னும் பெயரே அவரிடம் தங்கியது.

ஜூரோங்கில் நிற்கும் வளைவு

இனி மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். சுரேஷ் தலைமை தாங்கிய நன்யாங் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் சீன மொழிவழிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என ஊக்கியவர் டான் லார்க் சை என்னும் இரப்பர் வணிகர். தம் பங்காக ஐம்பது இலட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் அளித்தது. செல்வர் மட்டுமல்லர், மூன்று சக்கர வண்டி மிதிப்போர், வாடகைக் கார் ஓட்டுவோர், தெருவோர வியாபாரிகள் ஆகியோரும் தம் நாட்கூலியைத் தந்தனர். 1956இல் வகுப்புகள் தொடங்கின. 1980இல் அப்பல்கலைக்கழகம் வேறொன்றுடன் இணைக்கப்பட்டது. அவ்வளாகத்தில் 1981இல் நன்யாங் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்து, 1991இல் பல்கலைக்கழகமாயிற்று. பழைய பல்கலைக்கழகத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் ஜூரோங்கில் நிற்கிறது.

அந்த வண்டிக்காரர்கள் நாட்கூலி தந்த அதே ஆண்டுகளில், அதே நகரில் நம்மவர்களும் பொருளீட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் கொடாதவர் என்று நாம் சொல்லவில்லை. கூத்தாநல்லூரில் மன்பவுல் உலா பெயர் தாங்கிய பள்ளி பல தலைமுறைக்கு எழுத்தறிவித்தது. திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி 1951இல் எழுந்ததும், வண்டலூரில் கீழக்கரை பி. எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களால் கிரசண்ட் பொறியியற் கல்லூரி 1984இல் எழுந்ததும் வணிகர்தம் கொடையால்தான். கட்டடம் கட்டுவதில் நம் சமுதாயம் பின்தங்கியதில்லை.

நாம் பின்தங்கியது வேறிடத்தில். பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை தேட விசாவுக்காகக் கடன் வாங்கத் தயங்காத நாம், அதே பிள்ளை ‘இன்னும் நான்காண்டு ஆராய்ச்சி செய்கிறேன்’ என்றால் முகம் சுளிக்கிறோம். ‘படித்தது போதாதா? தங்கை கலியாணத்துக்கு நிற்கிறாள்’ என்று கேட்கிறோம். அக்கேள்வியில் உள்ள வறுமையையும் அச்சத்தையும் நாம் உணராமலில்லை. ஆயினும் 1977இல் கடன் வாங்கிப் பயணச்சீட்டெடுத்த அந்த இளைஞனின் வீட்டிலும் இத்தகைய கேள்விகள் எழ இடம் இருந்திருக்கும். ஆலையில் தண்டு முறிந்தபோது நம்மில் பலர் புதுத் தண்டுக்கு விலை கேட்டோம். முறிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தவர் அந்த முதியவர் ஒருவரே. அவ்வாறு திருப்பிப் பார்க்கும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால், அவனுக்கோ அவளுக்கோ சில ஆண்டுகள் பொறுத்திருக்க நாம் கற்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வருவோரிடம் நாம் தைலமும் துணியும் கேட்டு வாங்குவது வழக்கம். அடுத்த முறை அங்கே செல்வோர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பகற்பொழுது ஜூரோங் சென்று அவ்வளைவையும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களையும் காட்டி வருவார்களாக. வண்டி மிதித்தவன் கொடுத்த ஒருநாள் கூலி அங்கே என்னவாயிற்று என்பதை அப்பிள்ளைகள் தாமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.